கொலுப் படிக்குக் காகிதச் சாமந்தி: தினம் இருபது நிமிடத்தில் முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்து படிக் கொலு, ஒரு படி நாலடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படி ஓரத்தில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பூ வைத்தால் படிக்கு 12, மொத்தம் 60 பூ வேண்டும். வேலைக்குப் போய்விட்டு வந்து, சமைத்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து முடிக்கும் வீட்டில் இந்த எண்ணைக் கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் இது மொத்தமாக நாலு மணி நேர வேலைதான். அந்த நாலு மணி நேரத்தைச் சேர்ந்தாற்போல ஒதுக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

அதனால் பூச்செய்வதில் நேரமில்லாதவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த இடத்தில் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம் என்பதுதான். குக்கர் விசில் அடிக்கும், குழந்தை கூப்பிடும். வெட்டுவதையும் மடிப்பதையும் நூல் கட்டுவதையும் எந்த நொடியிலும் நிறுத்தலாம். ஈரப் பசையை நிறுத்த முடியாது. ஆகவே பசை குறைவாகத் தேவைப்படும் பூக்களையே இங்கே எடுத்திருக்கிறோம். சாமந்திக்குப் பசையே வேண்டாம், தாமரைக்கும் வேண்டாம். சுருள் ரோஜாவுக்கு ஒரு சொட்டு போதும். மாவிலைத் தோரணத்துக்கு மட்டும் கடைசியில் கொஞ்சம் வேண்டும்.

இன்னொரு விஷயம். ஒரு பூவை ஆரம்பித்து முடித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போகாதீர்கள். ஒரு நாள் வெட்டுவது மட்டும், அடுத்த நாள் குஞ்சம் நறுக்குவது மட்டும் என்று ஒரே வேலையைச் சேர்த்துச் செய்யுங்கள். கை பழகிவிட்டால் வேகம் தானாக வரும். எடுத்து வைப்பதும் சுலபம், ஒரு டப்பாவில் போட்டு மூடினால் முடிந்தது.

தாள் வாங்கும்போது

பாதிப் பூக்கள் கெட்டுப்போவது கடையிலேயே. சாமந்திக்குக் கிரேப் பேப்பர்தான் வேண்டும். பளபளவென்றிருக்கும் கிளேஸ் பேப்பரைக் குஞ்சமாக நறுக்கினால் இழைகள் விறைத்து நிற்கும், இதழ் போல வளையாது. காற்றாடிக்கும் சங்கிலித் தோரணத்துக்கும்தான் அது லாயக்கு.

கிரேப் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடல் முழுக்க மெல்லிய சுருக்க வரிகள் ஒரே திசையில் ஓடும். அந்த வரிகளுக்குக் குறுக்காக இழுத்தால் தாள் நீளும், வரிகளின் போக்கிலேயே இழுத்தால் நீளாது. பூவின் அழகு முழுவதும் இந்த ஒரு குணத்தில்தான் இருக்கிறது. இதழின் அடியிலிருந்து நுனி வரை வரிகள் செங்குத்தாக ஓடும்படி வெட்டினால் இதழை அகலவாக்கில் இழுத்துக் குழிவாக்கலாம், ஓரத்தை நெளிய வைக்கலாம். வரிகள் படுக்கைவாட்டில் வந்துவிட்டால் இதழ் நீளவாக்கில் தொங்கிவிடும், கொஞ்ச நேரத்திலேயே தலை சாய்ந்துவிடும்.

வாங்கும்போது ஒரு முனையை இரண்டு விரலால் லேசாக இழுத்து விட்டுப் பாருங்கள். ஓரளவு சுருங்கித் திரும்ப வேண்டும். இழுத்தது இழுத்தபடியே நின்றால் அது மெல்லிய ரகம். மேடையில் தொங்கவிடலாம், பூவுக்கு ஆகாது. கூடவே சாயத்தையும் சோதித்துவிடுங்கள். ஈரம் தொட்ட வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்தால் போதும். சிவப்பும் அடர் ரோஸும் பெரும்பாலும் சாயம் விடும். கொலுப் படியில் விரித்திருப்பது வெள்ளை வேட்டி என்பதை மறக்கக் கூடாது. மஞ்சள், ஆரஞ்சு எடுப்பது இந்த விஷயத்தில் பாதுகாப்பு. கறை விழுந்தாலும் அவ்வளவாகத் தெரியாது.

2 மீட்டர் நீளமும் 50 செ.மீ. அகலமும் உள்ள பாக்கெட்டாக மஞ்சள் ஒன்று, ஆரஞ்சு ஒன்று போதும். கணக்கு இதுதான்: 4 செ.மீ. அகலத்தில் வெட்டினால் ஒரு பாக்கெட்டில் 12 பட்டை வரும். ஒவ்வொன்றும் 2 மீட்டர். அதை நாலாக்கினால் 50 செ.மீ. துண்டு 48. ஒரு துண்டு ஒரு பூ. இரண்டு பாக்கெட்டிலும் சேர்த்து 96 பூவுக்குத் தாள் இருக்கிறது. 60 போக மீதி, கெட்டுப்போகிற பூக்களுக்கும் பிள்ளைகள் கேட்டு வாங்கிப்போவதற்கும்.

ரோஜாவுக்கு வீட்டில் இருக்கும் ஏ4 தாளே போதும், நிறம் மட்டும் வேண்டும். தாளின் தடிமன் தெரியவில்லை என்றால் சமையலறைத் தராசில் பத்துத் தாளை வைத்துப் பாருங்கள். 50 கிராம் காட்டினால் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில்), 44 கிராம் காட்டினால் 70, 75 கிராம் காட்டினால் 120. சுருள் ரோஜாவுக்கு 80 முதல் 120 வரை சரியாக இருக்கும். தோரணத்துக்கு 120-க்கு மேல் உள்ள பச்சை சார்ட். தாமரைக்கு, சாப்பாட்டு மேஜையில் வைக்கும் இரண்டு அடுக்கு டிஷ்யூ நாப்கின்.

இவை தவிர ஒரு பெரிய கத்தரிக்கோல், பிள்ளைகளுக்கு முனை மழுங்கிய சின்னக் கத்தரி, ஸ்கேல், வெள்ளைத் தையல் நூல் ஒரு கண்டு, துணி காயப்போடும் கிளிப் நாலு, அரை அங்குல நாடா 8 மீட்டர், பல்குத்தும் குச்சி, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்று. எல்லாவற்றையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டுவையுங்கள். இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடம் கத்தரிக்கோலைத் தேடுவதில் போனால் அன்றைய வேலை போயிற்று.

சாமந்தி

பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். மடித்திருக்கும் நிலையிலேயே, வெட்டுவாய் தெரியும் முனையிலிருந்து 4 செ.மீ. அளந்து குறுக்கே கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கிளிப், அந்தப் பக்கம் ஒரு கிளிப் போட்டு இறுக்கிவிட்டு வெட்டுங்கள். மடிப்பில் எட்டுப் பத்து அடுக்கு இருப்பதால் கிளிப் இல்லாமல் வெட்டினால் உள்ளடுக்கு நழுவிவிடும். பட்டை ஒரு இடத்தில் மூன்று சென்டிமீட்டர், இன்னொரு இடத்தில் ஐந்து என்று கோணலாக வரும். கோணல் பட்டையைச் சுற்றினால் பூ ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும். இது வெட்டியபோதே நேர்ந்த பிழை, பிறகு எவ்வளவு விரித்தாலும் சரியாகாது.

இப்படிப் பாக்கெட்டோடு வெட்டுவதில் ஒரு வசதி உண்டு. பட்டையை விரித்துப் பாருங்கள், சுருக்க வரிகள் பட்டைக்குக் குறுக்காக, அதாவது பூவின் அடியிலிருந்து நுனிக்குப் போகும் திசையில் தானாகவே அமைந்திருக்கும். நீளவாக்கில் இழுத்தால் பட்டை நீள வேண்டும். நீளவில்லை என்றால் பாக்கெட்டைத் தவறான பக்கத்திலிருந்து வெட்டியிருக்கிறீர்கள்.

2 மீட்டர் பட்டையை இரண்டு முறை மடித்து மடிப்பில் வெட்டினால் 50 செ.மீ. துண்டுகள் நாலு. இழுத்துப் பிடித்து அளக்காதீர்கள், இழுத்தால் அளவு பொய்யாகும். மஞ்சளும் ஆரஞ்சுமாக 60 துண்டும் 10 உபரியும் வெட்டிப் பெரிய கவரில் போட்டுவிட்டால் முதல் நாள் வேலை முடிந்தது.

அடுத்தது குஞ்சம் நறுக்குவது. துண்டைப் பாதியாக, மறுபடி பாதியாக, மறுபடி பாதியாக மடியுங்கள். ஆறு சென்டிமீட்டர் சொச்ச நீளத்தில் எட்டு அடுக்கு வரும். அடியிலிருந்து 1.5 செ.மீ. உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு. மேலிருந்து அந்தக் கோடு வரை, 3 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு. ஒரு மடிப்பில் இருபது வெட்டு வரும். கத்தரிக்கோலின் நுனியால் கொத்தாமல், உள்வாயில் தாளை வைத்து ஒரே மூச்சில் வெட்டுங்கள். நுனியால் வெட்டினால் கீழடுக்குகள் கசங்கி, இழைகள் பாதி வெட்டுப்பட்டு நிற்கும்.

அந்த ஒன்றரை சென்டிமீட்டரை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வெட்டு கோட்டைத் தாண்டினால், சுற்றும்போது அந்த இடத்தில்தான் பட்டை பிய்யும். கோட்டுக்கு மேலேயே நின்றுவிட்டால் இழை குட்டையாகி, பூ மூடிய மொட்டு மாதிரி இருக்கும். அது பரவாயில்லை. ஓரிரண்டு மொட்டும் நடுவில் இருந்தால் வரிசை நன்றாகவே இருக்கும்.

செவ்வந்தி போல வேண்டுமென்றால் மடிப்பைப் பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு இழையின் நுனியையும் லேசாகக் கூராக்குங்கள். துலுக்க சாமந்திக்கு நுனியைக் கூராக்க வேண்டாம், மேல் விளிம்பை அலை அலையாகக் கத்தரித்தால் போதும். இந்தக் குஞ்ச வேலையைப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து செய்யலாம். கண்ணை எடுத்துவிட்டுப் பதில் சொல்லவும் முடியும், எந்த வெட்டிலும் நிறுத்தவும் முடியும். நறுக்கிய பட்டைகளைப் பத்துப் பத்தாகக் கிளிப் போட்டு வையுங்கள், இழைகள் ஒன்றோடொன்று சிக்காது.

இனி சுற்றுவது. இங்கேதான் பூ பிறக்கிறது, அவசரப்படாமல் செய்யுங்கள். பட்டையின் ஒரு முனையை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, முதல் 10 செ.மீ. தூரத்தை நெருக்கமாகச் சுற்றுங்கள். இதுதான் பூவின் நடுமுடிச்சு. அதன் பிறகு நேராகச் சுற்றாமல், பாவாடைக்குக் கொசுவம் வைப்பது போல ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு சின்னச் சுருக்கம் வைத்துக்கொண்டே சுற்ற வேண்டும். சுருக்கம் வைத்தால்தான் இழைகள் வெளிப்பக்கமாகச் சாயும். நேராகச் சுற்றினால் எல்லா இழையும் மேல்நோக்கி நின்று பெயின்ட் பிரஷ் போல ஆகிவிடும். முதல் முறை செய்கிறவர்களுக்கு வரும் குறைகளில் பாதிக்கு மேல் இதுதான்.

சுற்றும்போது அடிவிளிம்பை அடிக்கடி பாருங்கள். எல்லாச் சுற்றும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சுற்று ஏறிக்கொண்டே போனால் நடுப்பகுதி உள்ளே புதைந்துவிடும், இறங்கிக்கொண்டே போனால் நடுப்பகுதி துருத்தும். மூன்று நாலு சுற்றுக்கு ஒருமுறை அடியை மேஜையில் தட்டிச் சமன் செய்தால் போதும்.

சுற்றி முடித்ததும் 30 செ.மீ. நூல் எடுத்து, அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று சுற்று சுற்றி இரட்டை முடிச்சு. நூல் தாளுக்குள் அழுந்தித் தாள் இடுப்பு போலக் குறுக வேண்டும். தளர்வாகக் கட்டினால் நடுமுடிச்சு பிறகு கழன்று மேலே வந்துவிடும். மீதி நூலை வெட்டாதீர்கள், நாடாவில் கட்ட அதுதான் வேண்டும். ஒரு பூவுக்கு இரண்டு நிமிடம் ஆகும். முதல் ஐந்து பூவுக்கு அதைவிடக் கூடுதலாகும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஒரு இரவுக்கு 12 பூ சுற்றினால் ஐந்து இரவில் 60.

விரிப்பதை வெளிச்சுற்றிலிருந்து தொடங்குங்கள். வெளி இழைகளைக் கட்டைவிரலால் கீழ்நோக்கி மடக்கி, அடுத்த வரிசையைப் பாதி, அதற்கடுத்ததை லேசாக. நடுவைத் தொடவே வேண்டாம். இழையை நீவி இழுக்காதீர்கள். கிரேப் பேப்பரின் உயிர் அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. சுருக்கம் முழுக்க நீங்கிவிட்டால் தாள் துவண்டுவிடும், திரும்பாது. சரியாக விரிந்த பூ கிட்டத்தட்ட 5 செ.மீ. குறுக்களவு இருக்கும்.

நிறம் கலக்க ஆசையிருந்தால், ஆரஞ்சில் 15 செ.மீ. துண்டை முதலில் நெருக்கமாகச் சுற்றி, அதன் மேல் மஞ்சள் பட்டையைச் சேர்த்துச் சுற்றுங்கள். பார்ப்பவர்கள் ஒரு நொடி நிஜப்பூ என்றே நினைப்பார்கள்.

நாடாவில் கோப்பது

பூக்களைப் படித்துணியில் நேரடியாக ஒட்டவோ குத்தவோ வேண்டாம். படி ஒன்றுக்கு ஒன்றரை மீட்டர் நாடா எடுத்து, இரண்டு முனையிலும் 15 செ.மீ. விட்டுவிட்டு, மீதியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் பூவின் மீதி நூலை நாடாவைச் சுற்றிக் கொண்டுவந்து பின்பக்கம் முடிச்சுப் போடுங்கள். முடிச்சு முன்னால் வந்தால் பூ கவிழ்ந்து நிற்கும். முடிந்ததும் நாடாவின் இரண்டு முனைகளையும் நடுவில் இரண்டு இடத்தையும் துணியோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தினால் போதும். நவராத்திரி முடிந்ததும் நாலு ஊசியை எடுத்தால் ஒரு படியின் அலங்காரம் அப்படியே சுருண்டு வந்துவிடும்.

அமாவாசை அன்று படி கட்டுகிறவர்கள் 12 நாள் முன்னால் தொடங்கினால் நிதானமாக முடியும். பட்டை வெட்ட ஒரு நாள், குஞ்சத்துக்கு நாலு, சுற்றக் கட்ட ஐந்து, கோக்க இரண்டு. இடையில் ஒரு நாள் உடம்பு முடியாமல் போனால், கோப்பதை ஒரே நாளில் செய்து ஈடுகட்டலாம். குஞ்சத்தையும் சுற்றுவதையும் ஒரே இரவில் திணிக்காதீர்கள். கை வலிக்கும்போது சுற்றிய பூக்களில் அடி மட்டம் தவறியிருப்பது மறுநாள் காலையில்தான் கண்ணில் படும்.

சுருள் ரோஜா

இது பிள்ளைகளின் பூ. டபராவைக் கவிழ்த்து ஏ4 தாளில் சுமார் 10 செ.மீ. வட்டம் வரையுங்கள், ஒரு தாளில் நாலு வரும். வட்டத்தின் ஓரத்திலிருந்து 1.2 செ.மீ. அகலத்தில் உள்நோக்கிச் சுருளாக, கொசுவர்த்திச் சுருள் போல வெட்டிக்கொண்டே போங்கள். நடுவில் 2.5 செ.மீ. வட்டம் மிஞ்சும்போது நிறுத்துங்கள். அதுதான் பூவின் அடித்தட்டு. அகலம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று கவலைப்பட வேண்டாம். வெளி ஓரத்தை நெளிவாக வெட்டினால் இதழ் போலவே தெரியும். எட்டு வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகள் இதைத் தாங்களே வெட்டுவார்கள். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு நீங்கள் வெட்டிக்கொடுங்கள், சுற்றுவது அவர்கள் வேலை.

சுற்ற வேண்டியது வெளி முனையிலிருந்து. பல குழந்தைகள் நடுவிலிருந்து தொடங்குவார்கள், அப்படிச் சுற்றினால் அடித்தட்டு உள்ளே மாட்டிக்கொண்டு பூ அமையாது. பல்குத்தும் குச்சியின் மேல் வெளி முனையை வைத்து இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றிவிட்டுக் குச்சியை உருவுங்கள். பிறகு அடி ஒரே மட்டமாக இருக்கும்படி உள்நோக்கிச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். அடித்தட்டு வரை வந்ததும் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் சுருள் தானே விரிந்து இரண்டரை சென்டிமீட்டர் ரோஜாவாகும். அதற்கு மேல் விரிய விடாமல், அடித்தட்டில் ஒரு சொட்டு ஃபெவிகால் வைத்துச் சுருளை அதன்மேல் அழுத்தி அறுபது எண்ணும் வரை பிடிக்கச் சொல்லுங்கள். எண்ணுவதே குழந்தைக்கு விளையாட்டு.

கையை எடுத்ததும் ரோஜா படாரென்று விரிந்துகொண்டால் காரணம் இரண்டில் ஒன்று. பசையைப் பூவின் நடுவில் மட்டும் வைத்து வெளிச்சுற்றுகளை விட்டிருப்பீர்கள், அல்லது தாள் தடிமன் கூடுதல். சார்ட் பேப்பரில் செய்தால் இது அடிக்கடி நடக்கும். துணிக் கிளிப்பால் மெதுவாகக் கவ்வி பத்து நிமிடம் வைத்தால் அடங்கும். இந்த ரோஜாக்கள் பொம்மைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிகளுக்கும், தாம்பூலப் பையின் மேல் ஒட்டுவதற்கும் நன்றாக இருக்கும்.

வெண்தாமரை

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் இரவு செய்யுங்கள், ஒரு பூவுக்கு ஆறேழு நிமிடம்தான். வெள்ளை நாப்கினை முழுக்க விரித்து, மூலைக்கு மூலை மடித்து அது உண்மையிலேயே சதுரமா என்று பாருங்கள். பல நாப்கின்களில் ஒரு பக்கம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். அதைக் கத்தரித்துவிட வேண்டும். சதுரம் பிசகினால் நாலு மூலையும் நடுவில் கூடாது, இதழ்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும். இரண்டு அடுக்கையும் பிரிக்காமல் சேர்த்தே மடியுங்கள்.

நாலு மூலைகளையும் நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து மடியுங்கள். கிடைக்கும் சின்னச் சதுரத்தில் மறுபடியும் நாலு மூலையும் நடுவுக்கு. மூன்றாம் முறையும் அப்படியே. 30 செ.மீ. நாப்கின் இப்போது பத்தரை சென்டிமீட்டர் சதுரமாகியிருக்கும். இதை அப்படியே திருப்பிப் போட்டு, இன்னொரு முறை நாலு மூலையையும் நடுவுக்கு மடித்தால் ஏழரை சென்டிமீட்டர். மடிப்புகளை நகத்தால் தேய்க்கக் கூடாது, உள்ளங்கையால் அழுத்தினால் போதும். நகம் பட்ட மடிப்பில்தான் பிறகு கிழியும்.

நடுவில் நாலு முனைகளும் கூடும் இடத்தை ஒரு சின்ன டம்ளரின் அடியால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு மூலைக்கு அடியில் விரலை விட்டால், பின்பக்கம் நடுவில் ஒரு முனை தளர்வாகக் கிடைக்கும். அதை மெல்ல வெளியே இழுத்து, மூலையைச் சுற்றி மேலே கொண்டுவாருங்கள். மூலை அந்த இதழுக்குள் பொதிந்துகொள்ளும். நாலு மூலையிலும் இப்படிச் செய்தால் முதல் நாலு இதழ். அடுத்த நாலு முனைகள் இவற்றுக்கு இடைப்பட்ட இடங்களில் கிடைக்கும், அதற்கடுத்த நாலு மறுபடி மூலைகளுக்கு அடியில். மொத்தம் 12. ஒரு இதழை ஒரே இழுப்பில் மேலே கொண்டுவர முயன்றால் கிழியும். கட்டைவிரலால் மூலையை உள்ளே தள்ளிக்கொண்டே மற்ற கையால் இதழை மேலே ஏற்ற வேண்டும். ஒருவர் டம்ளரைப் பிடிக்க ஒருவர் இழுத்தால் இன்னும் சுலபம். முதல் முறை செய்கிறவர்கள் மூன்றுக்குப் பதில் இரண்டு முறை மடித்துத் திருப்பினால் எட்டு இதழ்த் தாமரை வரும், கிழிகிற பயமும் குறைவு.

மாவிலைத் தோரணம்

நிஜ மாவிலைதான் வாசலுக்கு அழகு. ஆனால் அடுக்குமாடி வீட்டில் மரத்துக்கு எங்கே போவது? பச்சை சார்ட் ஒன்று (சுமார் 56 × 71 செ.மீ.) வாங்கினால் 15 × 4 செ.மீ. அளவில் 51 இலை வரும். 90 செ.மீ. நிலைவாசலுக்கு ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் 18 இலை போதும், மீதி அடுத்த அறைக்கு.

சார்ட்டிலும் ஏ4 தாளிலும் கிரேப் போல வரி தெரியாது, ஆனால் நார் ஓடும் திசை ஒன்று இருக்கிறது. தாளை ஒரு பக்கமாகவும் பிறகு மறு பக்கமாகவும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த மடிப்பின் திசையில்தான் நார் ஓடுகிறது. இலையின் நீளம் நாரின் போக்கிலேயே அமைந்தால் நடுநரம்பு நேராக மடியும், இலை தொங்கும்போது நுனி சுருளாது. எதிராக வெட்டினால் நடு மடிப்பு பிசிறு பிசிறாக வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை தெரியும்.

மேல் 3 செ.மீ. பகுதியை வெட்டாமல் விட்டு, மீதி 12 செ.மீ. இலை வடிவம். மை தீர்ந்த பேனாவை ஸ்கேலோடு வைத்து நடுவில் அழுத்தி ஒரு கோடு, பக்கவாட்டில் ஐந்தாறு சாய்கோடுகள். அந்தப் பள்ளத்தில் மடித்து விரித்தால் இலைக்கு நரம்பு வந்துவிடும். மேல்பகுதியை நூலின் மேல் மடித்துப் பின்னால் ஒட்டுங்கள். பசையைக் குச்சியால் மெல்லப் பூசுங்கள். கொட்டினால் தாளின் நார் ஈரத்தை உறிஞ்சி உப்பி, காய்ந்ததும் இலை நெளிந்து நிற்கும்.

ஃபெவிகாலுக்குப் பதில் மைதாப் பசையும் ஆகும்: இரண்டு மேஜைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சிறுதீயில் கிளற வேண்டும். கண்ணாடி போலப் பளபளப்பு வந்ததும் இறக்குங்கள். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பது போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வழக்கம். அது விஷம், பிள்ளைகள் தொடும் பசையில் கூடவே கூடாது. எடுத்து வைத்து அடுத்த வருடமும் பயன்படுத்தப் போகும் பொருளுக்கு மைதாப் பசை வேண்டாம், கரப்பான் அரித்துவிடும்.

பசைத்துப்பாக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய ரகத்தில் பசை கிட்டத்தட்ட 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளியே வரும். அது தோலில் ஒட்டிக்கொண்டே சுடும், உதறவும் முடியாது. மேலே சொன்ன எந்த வேலைக்கும் அது தேவையில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை வாங்காமலிருப்பதே நல்லது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை கூட உட்கார்ந்தால் வேண்டாத தாளைக் கிழிக்கக் கொடுங்கள். மணி, குண்டூசி, சின்ன உருண்டைகள் எதுவும் கைக்கு எட்டக் கூடாது.

விளக்கும் ஈரமும்

குத்துவிளக்கு வைக்கும் இடத்துக்கு ஒரு கை நீளத்துக்குள் காகிதப் பூ இருக்கவே கூடாது. மின்விசிறிக் காற்றில் நாடா எந்தப் பக்கம் ஆடும் என்பதையும் விசிறியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சுற்றி நறுக்கிய மெல்லிய தாள் நொடியில் பற்றும். ஊதுபத்தி நிலைக்கும் இதே கணக்குதான். கீழ்ப்படியில் அகல் வைக்கும் வழக்கம் இருந்தால் அந்த ஒரு படிக்கு மட்டும் நிஜப்பூ வைத்துவிடுங்கள்.

புரட்டாசி மாலை மழையில் காற்றிலேயே ஈரம் ஏறும். பூ லேசாகத் துவண்டால் பதற வேண்டாம், வெயில் வந்ததும் ஓரளவு நிமிரும். ஜன்னலோரப் படியில் மட்டும் நிறம் வெளுக்கும், வருடத்துக்கு ஒருமுறை அந்த நாடாவை உள்பக்கத்துக்கு மாற்றிவிடலாம். சுண்டல் சாப்பிட்டுக் கை கழுவிய பிள்ளைகள் ஈரக் கையோடு தொட்டால் சாயம் இளகும், அதனால் கைத்துண்டு ஒன்றைக் கொலுவின் பக்கத்திலேயே போட்டுவையுங்கள்.

விஜயதசமி முடிந்து பொம்மைகளை எடுக்கும் நாளில் பூவையும் அவசரமாகச் சுருட்டாதீர்கள். நாடாவை ஒரு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் விரித்து ஈரம் போக்கி, ஷூ டப்பாவில் ஒரு அடுக்குக்கு மேல் ஒரு அடுக்காக, நடுவில் செய்தித்தாள் போட்டு, பூமுகம் மேலே பார்க்கும்படி வையுங்கள். புதுப் பைகளிலும் ஷூ டப்பாக்களிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி உள்ளே போடுங்கள். மூடியின் மேல் எத்தனை படி, எந்த நிறம், எத்தனை பூ என்று எழுதிவிட்டுப் பரணில் ஏற்றுங்கள். அடுத்த வருடம் கசங்கிய பூக்களை மட்டும் எடுத்துவிட்டு, உபரியாக வெட்டி வைத்த துண்டுகளில் புதிதாகச் சுற்றி அதே புள்ளியில் கட்டிக்கொள்ளலாம்.